நாய்க்கு வீட்டில் எதைச் சுடலாம்: பிஸ்கட்டா, ஈரல் கேக்கா, உலர்த்திய கோழியா?

நாய்க்கு வீட்டிலேயே தின்பண்டம் செய்யலாம் என்று முடிவெடுத்த கையோடு பலரும் எலும்பு வடிவ அச்சு ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தின்பண்டத்தை எப்போது, எதற்காகக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். மொட்டை மாடியில் "உட்கார்", "வா" என்று பழக்கும்போது பத்து நிமிடத்துக்குள் நாற்பது தடவை கொடுக்கவா? ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு வந்து ஒன்றே ஒன்று போடவா? நீங்கள் வெளியே கிளம்பும்போது அது சற்று நேரம் மென்றுகொண்டிருக்கவா? மூன்றுக்கும் ஒரே பண்டம் சரிப்படாது.

வீட்டு அடுப்பில் செய்ய முடிவது மூன்று வகை. மாவில் சுட்ட கெட்டி பிஸ்கட். ஈரலையோ கோழிக்கறியையோ மாவோடு அரைத்துச் சுட்டு, சின்னச் சின்னதாக நறுக்கும் மென்மையான கேக். மாவே சேர்க்காமல், மெல்லிய துண்டாக்கி உலர்த்திய கோழி. நாய்க்கு மூன்றும் பிடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். சுடுகிறவருக்குத்தான் பெரிய வித்தியாசம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஈரம் மிஞ்சுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது எத்தனை நாள் தாங்கும், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போக முடியுமா, எந்த அடுப்பு வேண்டும், எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதெல்லாம் அமைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளமே நமத்துப்போகிற கடலோர ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது.

எவ்வளவு கொடுக்கலாம்

எதைச் சுட்டாலும், ஒரு நாளைக்கான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்தில் போகக்கூடாது. கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு இது: நாயின் எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 70 ஆல் பெருக்கினால், சும்மா படுத்துக் கிடக்கவே அதற்குத் தேவைப்படும் கலோரி வரும். கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு அதை மறுபடி 1.6 ஆல் பெருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் 5 கிலோ பொமரேனியனுக்கு நாளொன்றுக்குத் தின்பண்டப் பங்கு சுமார் 37 கலோரி. 15 கிலோ நாட்டு நாய்க்கு 85. 30 கிலோ லேப்ரடாருக்கு 140. டீக்கடை குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றிலேயே ஏறக்குறைய 20 கலோரி இருக்கிறது. பொமரேனியனுக்கு இரண்டு போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

தின்பண்டம் கொடுத்த அளவுக்கு அன்றைய சாப்பாட்டில் ஒரு கை குறைக்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பல லேப்ரடார்கள் ஐந்து வயதுக்குள் இடுப்பு தெரியாமல் உருண்டுவிடுகின்றன.

கெட்டி பிஸ்கட்

கோதுமை மாவு 200 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், ஒரு முட்டை, வேகவைத்து நீர் வடித்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். பேக்கிங் பவுடரும் வேண்டாம். பிஸ்கட் உப்பினால் உள்ளே காற்றறைகள் விழும், வேகமாக உதிரும், வேறு பலன் இல்லை.

சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். தண்ணீர் தேவைப்பட்டால் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். இருபது நிமிடம் மூடி வைத்து, 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, இரண்டரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் மூன்று இடத்தில் அடிவரை குத்துங்கள். உள்ளே உருவாகும் ஆவி வெளியேற அந்தத் துளைதான் வழி. குத்தாவிட்டால் நடுவில் பூரி மாதிரி எழும்பி, மேல்தோல் தனியாகப் பிரிந்துவிடும். 170 டிகிரியில் 25 நிமிடம் சுட்டு, திருப்பிப் போட்டு, வெப்பத்தை 100 முதல் 110 டிகிரிக்கு இறக்கி இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆற விடுங்கள்.

அந்த இரண்டாவது ஒரு மணி நேரத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் சூட்டில் மாவு வெந்துவிடுகிறது, நிறமும் வந்துவிடுகிறது, வாசனை கூடத்துக்கே வருகிறது. ஆனால் ஈரம் போகவில்லை. ரஸ்க்கை இரண்டு தடவை சுடுவதும் இதற்காகத்தான். ஆறிய பிஸ்கட் ஒன்றை எடுத்து, காதருகே வைத்து உடைத்துப் பாருங்கள். "சடக்" என்று ஒரே ஒலியில் முறிந்து, உடைந்த முகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக, மணல் மாதிரி வறண்டு இருந்தால் சரி. ஒலி மழுங்கி, நடுவில் கோடு போட்டது போல ஒரு கருத்த பட்டை தெரிந்து, அதை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஈரம் இரண்டு நாளில் பிஸ்கட் முழுக்கப் பரவும், ஐந்தாம் ஆறாம் நாள் பூஞ்சை தெரியும்.

தராசு இருந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம். மேலே சொன்ன அளவில் பச்சை மாவு ஏறக்குறைய 405 கிராம் இருக்கும். நன்றாக உலர்ந்த பிஸ்கட் 265 கிராமை ஒட்டி நிற்கும். 300 கிராமில் நின்றுவிட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு இன்னும் தண்ணீர். மறுபடி அடுப்பில் வையுங்கள்.

இந்த மாவில் 90 பிஸ்கட் வரும். ஒன்றுக்கு 11 கலோரி. 15 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏழு. நன்றாக உலர்ந்தது காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெளியே வைத்து, மீதியை ஃப்ரீசரில் போடுவது நல்லது.

1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் விற்கத் தொடங்கிய நாய் கேக்குகளிலும் கோதுமையும் பீட்ரூட்டும் இறைச்சியும்தான் இருந்தன. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் கெட்டியாகச் சுடுவதைத் தவிர வேறு வழியில்லை. இன்றும் பிஸ்கட்டின் முதல் பலம் அதுதான்: பையில் போடலாம், ஊருக்கு எடுத்துப் போகலாம், பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்தனுப்பலாம். பல் சுத்தமாகும் என்ற எண்ணத்தில் மட்டும் செய்யாதீர்கள். பிஸ்கட் கடித்த உடனே நொறுங்கிவிடுகிறது. ஈறு ஓரத்துக் காரையை அது தொடுவதே இல்லை. அதற்கு நாய்க்கான பற்பசையும் பிரஷும்தான் வழி.

ஈரல் கேக்

பழக்குவதற்கு இதுதான் சரி என்பதில் எங்களுக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. பிஸ்கட்டை நாய் மென்று, உதிர்ந்ததைத் தரையில் தேடி நக்கி முடிப்பதற்குள் நீங்கள் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது அதற்கு மறந்துவிடும். மென்மையான, மணமுள்ள, கடலைப்பருப்பை விடக் கொஞ்சம் பெரிய துண்டு என்றால் ஒரே விழுங்கு, உடனே உங்கள் முகத்தைப் பார்க்கும்.

கோழி ஈரல் 250 கிராம், ஒரு முட்டை, மாவு 100 கிராம். மாவில் பாதி கோதுமை, பாதி பொடித்த ஓட்ஸ் இருந்தால் நன்றாக நறுக்க வரும். ஈரலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரண்டு மடல்களுக்கு நடுவே பச்சை படிந்த இடம் இருந்தால் அது பித்தப்பை கசிந்த கறை. அந்த இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். கசப்பு முழுக் கலவைக்கும் ஏறிவிடும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் துளியோடு கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும். ஒரு கிண்ணத்தில் போட்டு அலசி வடியுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் இருபது விநாடி ஓட்டினாலே ஈரல் மோர் பதத்துக்கு வந்துவிடும். முட்டையும் மாவும் கலந்து, ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் விடுங்கள். தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழ வேண்டும்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் 20க்கு 25 சென்டிமீட்டர் அளவில் பரப்பினால் கனம் 8 மில்லிமீட்டர் வரும். 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கீறிப் பாருங்கள், இளஞ்சிவப்பு துளியும் இருக்கக்கூடாது. சூடாக இருக்கும்போது நறுக்கினால் உதிரும். ஆறியதும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பீட்சா வெட்டும் சக்கரத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக இரண்டு பக்கமும் இழுங்கள்.

500 துண்டு வரும். மொத்தக் கலவையில் 720 கலோரி. ஒரு துண்டுக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஒரு பிஸ்கட்டுக்குப் பதில் ஏழெட்டுத் துண்டு கொடுக்கலாம். 15 கிலோ நாய்க்கு ஒரு நாளில் ஏறக்குறைய 60 முறை பாராட்டுச் சொல்ல இடம் இருக்கிறது. நாய் துண்டின் பருமனை எண்ணுவதில்லை, எத்தனை தடவை கிடைத்தது என்பதைத்தான் எண்ணுகிறது. பொமரேனியன், டாஷ்ஹண்ட் மாதிரிச் சின்ன நாய் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு துண்டையும் இன்னும் பாதியாக்கலாம்.

குறை என்ன என்றால், கேக்கில் ஈரம் நிறைய. ஃப்ரிட்ஜில் மூன்று நாள்தான். சுட்ட அன்றே ஐம்பது ஐம்பதாகச் சின்னப் பைகளில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். ஒரே பையில் மொத்தமாகப் போட்டால் கட்டியாக உறைந்து, உடைக்க முடியாமல் எல்லாவற்றையும் கரைய வைத்து மீதியை வீணாக்குவீர்கள். பழக்கக் கிளம்பும்போது பையோடு எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் பதமாகிவிடும். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில் ஒரு மணி நேரம் வெளியே இருந்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். நம் ஊரில் அது பெரும்பாலான நாள்.

ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன அளவில் 60 துண்டு கொடுத்தாலும் மொத்தத்தில் 30 கிராம் ஈரல்தான் ஆகிறது, அதனால் பயமில்லை. ஆனால் சாப்பாட்டிலும் தினமும் ஈரல் போடும் வீடு என்றால் கேக்குக்கு ஈரலுக்குப் பதில் எலும்பில்லாத கோழிக்கறியை அரைத்துச் செய்யுங்கள். கறிக்கு ஈரல் அளவு நீர்ப்பதம் கிடையாது. இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாக வேண்டியிருக்கும்.

உலர்த்திய கோழி

2007 முதல், கடையில் விற்ற ஜெர்க்கி (உலர்த்திய கறித் துண்டு) வகைத் தின்பண்டங்களைத் தின்ற நாய்கள் நோயுற்றதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வந்தன. பெரும்பாலானவை சீனாவிலிருந்து இறக்குமதியான பொருள்கள். சில நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நெடுநாள் தேடியும் ஒரு தீர்மானமான காரணம் பிடிபடவில்லை. வீட்டிலேயே கோழியை உலர்த்தலாம் என்று பலர் இறங்கியதற்கு அது ஒரு காரணம். வீட்டில் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மூன்றிலும் கவனம் அதிகம் கேட்பது இதுதான்.

500 கிராம் மார்புக்கறியை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து விறைக்க விட்டு, 4 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். கொழுப்பைத் துளிகூட விடாமல் எடுங்கள். கொழுப்பு உலராது, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இனிதான் முக்கியமான படி: உலர்த்துவதற்கு முன்னால் கறியை ஆவியிலோ அடுப்பிலோ முழுக்க வேகவைத்து, உள்ளே 74 டிகிரி வந்ததா என்று பாருங்கள். பச்சைக் கறியை நேராக 60 டிகிரியில் உலர்த்தினால் என்ன ஆகும் என்றால், மேலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கறி குளிர்ந்தே இருக்கும். அடுப்பின் வெப்பம் கறிக்குள் போவதில்லை. கறி உலர்ந்து முடித்துச் சூடேறும் நேரத்தில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வறட்சிக்குப் பழகிவிட்டிருக்கும், அப்போது அவற்றைச் சூடு எளிதில் கொல்லாது.

வெந்த துண்டுகளைக் கம்பித் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, 65 முதல் 70 டிகிரியில் ஐந்திலிருந்து எட்டு மணி நேரம். இங்கேதான் சிக்கல்: நம் வீட்டு ஓடிஜிகளில் (மேசை மேல் வைக்கும் சிறிய மின்சார அவன்) பலவற்றின் குமிழ் 100 டிகிரிக்குக் கீழே இறங்காது. 100இல் வைத்துக் கதவை மரக்கரண்டி செருகித் திறந்து வைக்கலாம். ஆனால் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். சூடு கூடினால் மேல்பக்கம் தோல் மாதிரி இறுகி, உள் ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபட்டுவிடும். பார்க்கக் கட்டை மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள். வளைந்துகொடுத்தால் இன்னும் ஆகவில்லை. வளைத்ததும் நார் பிரிந்து முறிய வேண்டும்.

500 கிராம் கறிக்கு 140, 150 கிராம்தான் கிடைக்கும். ஒரு கிராமுக்கு 4 கலோரி, பிஸ்கட்டுக்குக் குறைந்ததல்ல. உப்பே இல்லாததால் எவ்வளவு உலர்ந்தாலும் ஃப்ரிட்ஜில் வைப்பதே பத்திரம்.

மாடியில் வெயிலில் காய வைக்கலாமே என்று தோன்றும், வற்றலும் கருவாடும் அப்படித்தானே காய்கின்றன என்று. கருவாடு தாங்குவதற்கு வெயில் பாதிக் காரணம், உப்பு மறுபாதி. உப்பில்லாத கோழியை ஈரக் காற்றில் வெளியே வைத்தால் அது உலர்வதற்கு முன் கெட்டுவிடும். உப்புப் போட்டால் நாய்க்கு ஆகாது. கடைக் கருவாட்டை நாய்க்குத் தின்பண்டமாகப் போடுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

சைவ வீடுகளுக்கு இதே வேலையைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு செய்யும், அதுவும் ஆபத்தே இல்லாமல். 5 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி 110 டிகிரியில் இரண்டரை, மூன்று மணி நேரம். நடுவில் ஒரு தரம் திருப்ப வேண்டும். தோல் போல இழுபடும் பதத்தில் எடுத்தால் நாய் நன்றாக நேரம் எடுத்து மெல்லும். அந்தப் பதத்தில் ஈரம் இருப்பதால் இதற்கும் ஃப்ரிட்ஜ்தான், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். முட்டை சேர்க்காத வீட்டில் பிஸ்கட்டுக்கும் கவலை இல்லை: முட்டையை விட்டுவிட்டுப் பரங்கிக்காயை 140 கிராமாக்கினால் கோதுமை மாவே பிடித்துக்கொள்ளும்.

எந்த அடுப்பு

பிஸ்கட்டுக்கு ஓடிஜியோ, கன்வெக்ஷன் (சூடான காற்றைச் சுழற்றிச் சுடும் வசதி) உள்ள மைக்ரோவேவோ வேண்டும். மைக்ரோவேவ் முறையில் மட்டும் சுட்டால் நடு கருகி, ஓரம் வெளுத்திருக்கும். ஏர் ஃப்ரையர் விசிறியின் காற்றால் நன்றாக உலர்த்தும். கூடை சிறியது என்பதால் இந்த மாவை மூன்று தடவையாகப் போட வேண்டும், 150 டிகிரியில் 12 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்க வேண்டும்.

குக்கரில் உப்புப் பரப்பிச் சுடும் முறையை நிறையப் பேர் பிஸ்கட்டுக்கு முயன்று ஏமாறுகிறார்கள். கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டாலும் மூடிக்குள் ஆவி தங்கிவிடுகிறது. பிஸ்கட் வேகும், உலராது. அதே அடைப்பு ஈரல் கேக்குக்குக் கெடுதல் செய்யாது.

இப்படிச் சுடும் அடுப்பு எதுவும் இல்லாத வீட்டுக்கு நாங்கள் சொல்வது இட்லிப் பானை. ஈரல் கலவையை எண்ணெய் தடவிய தட்டையான தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் ஊற்றி, 12 நிமிடம் ஆவியில் வையுங்கள். ஆறியதும் நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் மூன்று நிமிடம் புரட்டினால் மேல் ஈரம் வற்றி, பாக்கெட்டில் ஒட்டாது. ஓடிஜியில் சுட்டதற்கும் இதற்கும் நாய் எந்த வித்தியாசமும் பார்க்காது. வெறும் பழக்குத் தின்பண்டத்துக்காக ஓடிஜி வாங்க வேண்டியதே இல்லை.

மாவும் மற்றதும்

மாவைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. கோதுமையில் பசைப்புரதம் இருப்பதால் தேய்க்கவும் வெட்டவும் நன்றாக வரும். கேழ்வரகில் அது இல்லை. மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஓரங்கள் உதிரத் தொடங்கும். அரிசி மாவு சுட்டால் கரகரவென்று இறுகும், ஆனால் தனியாக நிற்காது, முட்டை கட்டாயம். கடலை மாவு நன்றாகப் பிடிக்கும். சில நாய்களுக்கு வாயு வரும்.

"கோதுமை நாய்க்கு ஆகாது" என்று பரவலாகச் சொல்கிறார்கள். நாய்களுக்கு உணவு ஒவ்வாமை வருவதில் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவை கோதுமைக்கு முன்னால் நிற்கின்றன. உங்கள் நாய் ஓயாமல் பாதத்தை நக்குகிறது, காது அடிக்கடி சீழ் வைக்கிறது என்றால் மாவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று நாள் கவனித்துவிட்டு அடுத்தது.

வேர்க்கடலை சேர்க்க விரும்பினால் கடையில் வாங்கும் பீனட் பட்டரின் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே அதன் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். வீட்டில் வறுத்து உப்பில்லாமல் அரைப்பது இன்னும் நல்லது. அப்போதும் கடலையைத் தட்டில் கொட்டிப் பொறுக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, ஓரத்தில் பச்சையோ சாம்பலோ படிந்தது எல்லாவற்றையும் எறிய வேண்டும். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நாயின் ஈரலைத் தாக்கும். அது வறுத்தாலும் சுட்டாலும் முழுக்க அழியாது.

வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் கூடாது: இஞ்சி பூண்டு விழுது தடவிய கோழி, மசாலாத் தூள், மிச்சக் குழம்பு, சூப் கட்டி எல்லாம் இதில் அடங்கும். நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை உடைக்கின்றன. சாக்லேட், ஜாதிக்காய், திராட்சை, உலர்திராட்சை, நுரைக்கும் பச்சை ஈஸ்ட் மாவு ஆகியவையும் கூடாது. திராட்சையில் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்ட்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க விலங்கு நஞ்சியல் மருத்துவர்கள் முன்வைத்தார்கள். நம் சமையலறையில் அந்த அமிலம் நிறைய இருப்பது புளியில். அதனால் புளி பட்ட எதையும் மாவில் சேர்க்காதீர்கள்.

கணையம் வீங்கிய வரலாறு உள்ள நாய், சிறுநீரக நோய் அல்லது சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் இந்த மூன்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எடை மட்டும்தான் பிரச்சினை என்றால் அடுப்பையே பற்றவைக்க வேண்டியதில்லை: பச்சைக் கேரட்டில் 100 கிராமுக்கு 41 கலோரிதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

குட்டியை இப்போதுதான் பழக்குகிறீர்கள் என்றால் கேக். வயதாகிப் பல் விழுந்த நாய்க்கும் கேக். குடும்பத்தில் ஆளாளுக்கு வருகிற போகிற வழியில் ஒன்று எடுத்துப் போடும் வீட்டுக்குப் பிஸ்கட். காலையில் அன்றைய ஏழையும் எண்ணி ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால், தாத்தா போட்டதா பேரன் போட்டதா என்ற வழக்கே வராது. பயணத்துக்கும் பிஸ்கட்தான். உலர்த்திய கோழியை, கோதுமையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத நாய் இருந்து, குத்திப் பார்க்கும் வெப்பமானியும் கீழ்ச்சூட்டில் நிற்கும் அடுப்பும் உங்களிடம் இருந்தால் மட்டும் எடுங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் அதே கோழியை வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுப்பதே மேல்.

முதல் முறை செய்கிறவர்கள் அளவுகளைப் பாதியாக்கித் தொடங்குங்கள். அடுப்பின் குமிழ் 170 என்று காட்டினாலும் உள்ளே 20 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். முதல் தட்டில் அது தெரிந்துவிடும். பின்வரிசை கருகி முன்வரிசை வெளுத்தால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். டப்பாவில் இருக்கும் பிஸ்கட் நமத்துவிட்டால், பூஞ்சையோ வாடையோ இல்லாத வரை 110 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் பழைய ஒலி திரும்பிவிடும். ஒன்றில் பூஞ்சை கண்டாலும் அந்த டப்பாவில் இருப்பதில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதீர்கள், தெரு நாய்க்கும் போடாதீர்கள்.